வேட்டுச் செலவு

ஜூன் 2, திங்கள்

காலை எட்டரைக்கு அரசு ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு. ரயில்வே ஸ்டேஷன் ஓரத்தில் கிடந்த ஆள், வயது ஐம்பத்தைந்து இருக்கலாம், பெயர் தெரியாது, தேடி யாரும் வரவில்லை. போலீஸ் கடிதத்தை வாங்கினேன். முகம் பார்த்தேன். இல்லை. பதிவேட்டில் எண் 212 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முகம் பார்ப்பது விதியில் இல்லை என்று முப்புடாதி அண்ணன் பதினோரு வருடமாகச் சொல்கிறார். எங்கள் வெள்ளூரணி 'கடைசித் துணை அறக்கட்டளை'யின் தலைவர் அவர். ஓய்வுபெற்ற ரயில்வே கேட் கீப்பர். நான் செயலாளர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். கேட் கீப்பருக்குக் கொடி காட்டத் தெரியும். ஒப்படைக்கும் முன் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்பது தபால்காரர்களுக்குத்தான் தெரியும்.

மதியம் அடக்கம். வழக்கம்போல மயான வாசலில் ஒரு சரவெடி, இரண்டு அதிர்வேட்டு. கேட்பாரற்ற பிணத்துக்கு எதற்கு வெடி என்று ஆரம்பத்தில் ஊரே கேட்டது. நான் செயலாளராக வருவதற்குப் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். சத்தம் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் ஒருவருக்கு ஆளைத் தெரிந்திருக்கலாம். வேறு காரணம் எதுவும் கிடையாது.

தோசைக்கு ஊறப்போட மறந்துவிட்டேன். ராத்திரிக்கு உப்புமா.

ஜூன் 4, புதன்

வங்கிக்கு வரச் சொன்னார்கள். மேனேஜர் கிருபாகரனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எதைச் சொல்வதற்கு முன்னாலும் "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்பார். இன்று உட்காருவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ஒங்க டிரஸ்ட் கணக்கை நிறுத்தி வச்சிருக்கோம். பணம் உள்ள வரலாம், வெளிய போகாது."

"எதுக்கு?"

"தர்மத்துக்குன்னு வசூல் பண்ற பணம் தீவிரவாதிங்க கைக்குப் போயிரக் கூடாதுன்னு எல்லா டிரஸ்ட்டையும் சோதிக்கிறாங்க. யார் குடுத்தா, யாருக்குப் போச்சு, எதுக்குச் செலவாச்சு, மூணுக்கும் ஆதாரம் வேணும். இந்த மாசம் முப்பதுக்குள்ள சரியான பதில் வரலேன்னா கணக்கை மூடிருவாங்க மேடம்."

கணக்கை மூடினால் பதிவு போகும், பதிவு போனால் போலீஸ் எங்களிடம் உடலை ஒப்படைக்காது. நாங்கள் வருவதற்கு முன்னால் பெயரில்லாதவர்களை நகராட்சிக் குப்பை டிராக்டரில்தான் கொண்டுபோவார்கள். அப்படிப் போனவர்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். நான் சர்வீஸில் இருந்தபோது, இல்லாத கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று சொல்லி மணியார்டர் வசூலித்த ஒருத்தனை நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். கோயில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டால்தான் உலகம் ஒழுங்காக இருக்கும்.

படிவம் பதினான்கு பக்கம். கையில் வாங்கியதும் பழைய தெம்பு வந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

பயனாளி விவரப் படிவம் ஆளுக்கு ஒன்று. கடந்த மூன்று வருடத்துக்குக் கேட்கிறார்கள். அறுபத்து நான்கு பேர்.

"போஸ்ட்மாஸ்டரம்மா, செத்தவுக எப்பிடித் தீவிரவாதத்துக்குப் போவாக?" என்றார் முப்புடாதி அண்ணன்.

"அது நமக்கு வேண்டாத கேள்வி அண்ணே. கட்டம் இருந்தா நிரப்பணும்."

நிரப்பினேன். பெயர்: தெரியாது. தந்தை பெயர்: தெரியாது. தொழில்: இருந்திருக்கலாம். தற்போதைய முகவரி: வெள்ளூரணி நகராட்சி மயானம், வடகிழக்கு மூலை. அம்முகவரியில் எவ்வளவு காலமாக வசிக்கிறார்: இரண்டு வருடம் நான்கு மாதம். வெளிநாடு செல்லும் உத்தேசம் உண்டா: தெரிந்தவரையில் இல்லை. எங்கள் சேவையில் திருப்தி அடைந்தாரா: இதுவரை புகார் வரவில்லை.

கடைசியில் ஓர் உறுதிமொழி. 'பெற்றுக்கொண்ட உதவியை நாட்டு நலனுக்கு விரோதமாகப் பயன்படுத்த மாட்டேன்.' அதன் கீழே கையொப்பம். அண்ணன் அறுபத்து நாலு பேருக்கும் தன் கட்டைவிரலையே உருட்டுகிறேன் என்று மைப்பெட்டியைத் திறந்துவிட்டார். ஒரே ரேகையில் அறுபத்து நாலு பேர் என்றால் அதுவே தனி வழக்காகிவிடும் என்று பிடுங்கி வைத்தேன். 'கையொப்பமிட இயலவில்லை, காரணம்: காலமாகிவிட்டார்' என்று அறுபத்து நாலு தடவை எழுதினேன். விரல் வலிக்கிறது. தைலம் தீர்ந்துபோயிருக்கிறது, வாங்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

இன்று நன்கொடையாளர் விவரம். எங்கள் பொருளாளர் தவசி அண்ணாச்சி, பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பதினோரு வருடக் கணக்கும் அவர் கடையில் மல்லி மூட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நோட்டைத் திறந்தாலே எனக்குத் தும்மல் வரும்.

ஆளுக்கொரு புகைப்படம் கேட்டிருந்தார்கள். வீடு வீடாகப் போய் வாங்கி வாருங்கள் என்றேன். அண்ணாச்சி மத்தியானம் ஒரு சாக்குப் பை நிறையக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார். எல்லாம் சட்டம் போட்ட படம். எல்லாருக்கும் சந்தனப் பொட்டு, பாதிப் பேருக்கு மாலை. ஒருவருக்கு ஒயரோடு சின்ன பல்பு.

"அண்ணாச்சி, இவுக எல்லாம் இறந்தவுக."

"ஆமா. இவுக பேர்லதான தாயி ரசீது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்குப் பணம் வருவதே தெவசத்துக்குத்தான். மகன் பணத்தைக் கட்டுவார், 'ரசீதை அப்பா பேருக்கே போடுங்க' என்பார். நாங்களும் பெரிய மனதோடு அமரர் இன்னார் என்று போட்டுக் கொடுத்துவிடுவோம். பதினோரு வருடமாக உயிரோடு இருக்கும் ஒருத்தர் பேரில்கூட ரசீது போட்டதில்லை. கொடுத்தவர்களில் ஒருவர் 1971-இல் போய்ச் சேர்ந்தவர்.

"நன்கொடையாளர் நேரில் வந்தாரான்னு ஒரு கட்டம் இருக்கு" என்றேன்.

"நேர்ல வந்தா நாம கடையைப் பூட்டிட்டு ஓட வேண்டியதுதான்."

இனி மாற்றி எழுத முடியாது. ரசீதில் உள்ளதுதான் பதிவு. உள்ளபடியே எழுதினேன். படங்களைச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், விளக்கு வைக்கிற நேரம்.

பட்டியலின் கடைசியில் 'ஓர் அன்பர், ரூ. 1,001'. வருடா வருடம் ஜூன் 19. அலுவலக உண்டியலில் ஒரு கவரில் கிடக்கும்.

"இந்த அன்பர் யாருன்னு எழுதணுமே" என்று அண்ணாச்சி என் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

விசாரிக்கிறேன் என்றேன்.

ஜூன் 11, புதன்

ரேஷன் கடை. கார்டில் இருக்கிற எல்லாரும் இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டுமாம். நான் வைத்தேன்.

"ரெண்டாவது ஆளு?"

"வெளியூரில் இருக்கிறார்."

"எப்ப வருவாக?"

"வேலை முடிந்ததும்."

கடைக்காரர் புதிதாக மாற்றலாகி வந்தவர், விவரம் தெரியாது. பின்னால் நின்ற அம்மாள் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏழு வருஷம் தாண்டிட்டா கோர்ட்ல எழுதி வாங்கிரலாம்மா, பேரை எடுத்துரலாம்" என்றார். இறந்ததற்கு ஆதாரம் இல்லாமல் ஒரு பெயரை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

துவரம் பருப்பு வரவில்லை. பாமாயில் வாங்கினேன்.

ஜூன் 12, வியாழன்

படிவங்களையும் கணக்கு நோட்டின் நகலையும் வங்கியில் ஒப்படைத்து ஒப்புகை வாங்கினேன். மொத்தம் மூன்று கிலோ எழுநூறு கிராம்.

ஜூன் 14, சனி

எண் 213. பேருந்து நிலையத்தில் இறந்துபோன முதியவர். முகம் பார்த்தேன். இல்லை.

கணக்கில் பணம் எடுக்க முடியாததால் வண்டிக்கு டீசல் இல்லை. அண்ணாச்சி கடைக் கல்லாவில் இருந்து எடுத்துக் கொடுத்தார். துணிக்கடையில் கடன் சொன்னோம். வேட்டு மட்டும் கையிருப்பு இருந்தது. அண்ணன் திரியைக் கிள்ளி வைத்தார். டீக்கடையில் இருந்து மூன்று பேர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை.

இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

மேனேஜர் "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்பதை ஐந்து தடவை சொன்னார்.

எங்கள் படிவங்களும் கணக்கும் எங்கோ வட மாநிலத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய், அங்கே யாரோ ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி, அது கம்ப்யூட்டருக்குள் போய்ச் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டதாம். மேனேஜர் தமிழில் வாசித்தார்.

"'இறந்துபோனவர்களிடமிருந்து நிதி பெற்று, இறந்துபோனவர்களுக்கே உதவி செய்வதாகக் கூறிக்கொண்டு, மாதந்தோறும் வெடிபொருள் கொள்முதல் செய்யும் அமைப்பு.'"

எனக்கே போலீஸுக்குப் போன் செய்யலாமா என்று தோன்றியது.

"வெடிபொருளா?"

"ஒங்க நோட்டுல மாசா மாசம் 'வேட்டுச் செலவு' இருக்கே மேடம். சிவகாசி பில்லு. அதிர்வேட்டு, பெரியது, ஒரு டஜன்."

"அது மயானத்துல போடற வெடி. நீங்க இந்த ஊர்லதான இருக்கீங்க?"

"எனக்குத் தெரியும் மேடம், கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க, வர்ற தொகை எல்லாம் ஒண்ணுல முடியுது. ஐநூத்தி ஒண்ணு, ஆயிரத்து ஒண்ணு, ரெண்டாயிரத்து ஒண்ணு. ஏதோ சங்கேதக் குறின்னு சந்தேகப்படுறாங்க."

அந்த ஒற்றை ரூபாய் ஏன் என்று விளக்கி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். மேஜையிலேயே உட்கார்ந்து எழுதப் பார்த்தேன். பூஜ்யத்தில் முடிந்தால் அதோடு முடிந்துவிடும், ஒன்றில் முடிந்தால் தொடரும் என்று எங்கள் அம்மா சொல்லுவாள். அதைப் படித்தால், எது தொடரும் என்று அடுத்த கேள்வி வரும். கிழித்துப் போட்டுவிட்டு 'வட்டார வழக்கம்' என்று மட்டும் எழுதினேன்.

இருபத்தைந்தாம் தேதி அதிகாரி ஒருவர் நேரில் ஆய்வுக்கு வருகிறாராம்.

ஜூன் 17, செவ்வாய்

வங்கியின் தலைமை அலுவலகத்தில் இருந்து அமரர் சுடலைமுத்து வீட்டுக்குப் போன் போட்டு "சுடலைமுத்து சார் இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார்கள். "நடுவீட்லதான் இருக்காக, செவுத்துல" என்றாராம் அவர் மனைவி.

ஜூன் 19, வியாழன்

இத்தனை நெருக்கடியிலும் அந்த அன்பர் மறக்கவில்லை. உண்டியலைத் திறந்தபோது கவர் இருந்தது. ரூ. 1,001.

"கவர் மேல எழுத்து ஒங்க எழுத்து மாதிரி இருக்கே போஸ்ட்மாஸ்டரம்மா" என்றார் முப்புடாதி அண்ணன்.

போஸ்ட் ஆபீஸில் முப்பத்தாறு வருடம் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே எழுத்துதான் என்றேன்.

மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னாலும் இந்தத் தேதியில் இப்படித்தான் மூட்டமாக இருந்தது. குடை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பிளேடு வாங்குவதற்குக் குடை எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்.

துணி காயவில்லை.

ஜூன் 23, திங்கள்

அலுவலகத்துக்கு வெள்ளையடித்தோம். அலுவலகம் என்பது முப்புடாதி அண்ணன் வீட்டு முன் அறை. பீரோ ஒன்று, நாற்காலி மூன்று, உண்டியல் ஒன்று, உடலை வைக்கும் குளிர்பெட்டி ஒன்று.

அண்ணனுக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. "நம்மளைத் தீவிரவாதின்னு புடிச்சிட்டுப் போயிட்டா பேரப் புள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பாக?" என்று கேட்கிறார். பேரனுக்கு நாலு வயது.

மிச்சம் இருக்கிற வேட்டை அதிகாரி கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன் என்றார். ஒளிக்கக் கூடாது, எடுத்து மேஜை மேல் வையுங்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஜூன் 25, புதன்

அதிகாரி மதுரையில் இருந்து பதினொரு மணிக்கு வந்தார். பெயர் ரஹ்மத் நிஷா. நாற்பது வயது இருக்கும், பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, கையில் நான்கு வண்ணத்தில் பேனா. பேனாவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. மேனேஜரும் கூட வந்து, ஏதாவது வெடித்தால் வெளியே போக வசதியாகக் கதவோரத்தில் நின்றார்.

நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ரசீது, எல்லா ரசீதுக்கும் அடிக்கட்டை. ஒரு மணி நேரம் தலையைத் தூக்கவில்லை. அண்ணாச்சி நோட்டைத் திறந்ததும் அவருக்கும் தும்மல் வந்தது.

"நன்கொடையாளர் எல்லாரும் இறந்தவங்கன்னு எழுதியிருக்கீங்க."

"ரசீது அவர்கள் பேரில் இருக்கிறது. பணம் கட்டியது பிள்ளைகள்."

"அப்ப கட்டினவங்க பேரை எழுதியிருக்கணும்லம்மா? யாரு பணம்னு தெரியணும்னுதான இவ்வளவும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முப்பத்தாறு வருட சர்வீஸில் என்னிடம் யாரும் இப்படிச் சரியாகக் குற்றம் கண்டுபிடித்ததில்லை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இனி கட்டியவர் பெயர் ஒரு கட்டம், யாருக்காக என்பது ஒரு கட்டம் என்று புது ரசீது மாதிரியை அவரே வரைந்து கொடுத்தார்.

"அசையும் சொத்து என்னென்ன இருக்கு?"

"குளிர்பெட்டி ஒன்று" என்றேன்.

"திறந்து காட்டுங்க."

முப்புடாதி அண்ணன் முகம் வெளிறிப்போனது. "உள்ள ஒண்ணும் இல்லம்மா" என்று பெட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார். ஒன்றும் இல்லாத பெட்டிக்கு முன்னால் யாராவது அப்படி நிற்பார்களா? அதிகாரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பரவாயில்ல, திறங்க" என்றார். மேனேஜர் வாசற்படிக்குப் போய்விட்டார்.

அண்ணன் மூடியைத் தூக்கினார். உள்ளே வெள்ளைத் துணியால் முழுக்கப் போர்த்தி, ஒரு முழ நீளத்தில் ஏதோ கிடந்தது. பச்சைக் குழந்தை என்றுதான் நினைத்தேன். அதிகாரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கண்ணை மூடிவிட்டார். அண்ணாச்சிதான் துணியை விலக்கினார். இரண்டு சரவெடி, ஆறு அதிர்வேட்டு.

அதிகாரி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"வெயில் காலம் பாருங்க" என்றார் அண்ணன். "குளுச்சியா இருந்தா வெடிக்காதுன்னு வச்சேன்."

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அடக்கப் பார்த்து அடக்கப் பார்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை வேறு குரலில். "இதுக்கு மட்டும் சரியான காரணம் சொல்லுங்கம்மா. ஆதரவில்லாதவங்க அடக்கத்துக்கு வெடி எதுக்கு?"

எண் 87 பற்றிச் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன்னால். வேட்டுச் சத்தம் கேட்டு, 'யாருய்யா போறது' என்று பூக்கூடையோடு ஒரு பெண் மயானத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பாடையில் கிடந்தது அவள் அண்ணன். பத்து மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாளாம். கூடையில் இருந்த பூ முழுவதையும் அவர் மேலேயே கொட்டினாள். இருநூற்றுப் பதின்மூன்று பேரில் அந்த ஒருவர்தான் பெயரோடு போனார்.

"ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்ங்க" என்றேன். "தெரியாம இருக்கறதுதான்..." என்று ஆரம்பித்தவள், டீ ஆறுகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

அவர் பயனாளிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். இன்னொரு பக்கம், இன்னொரு பக்கம்.

"ஒவ்வொரு எண்ணுக்கும் நேரா 'முகம் பார்த்தேன். இல்லை.'ன்னு எழுதியிருக்கு. என்ன இல்ல?"

அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்தார். முப்புடாதி அண்ணன் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எல்லா கிளாஸிலும் டீ பாதி இருந்தது.

"அது அலுவலக நடைமுறை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நன்றாகக் கேட்கத் தெரிந்தவருக்குக் கேட்காமல் விடவும் தெரியும். பதிவேட்டை மூடினார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. வேட்டை 'அறிவிப்புச் செலவு'ன்னு எழுதுங்க, அதுதான உண்மை. ஒரே ஒரு கட்டம்தான் காலி. இந்த 'ஓர் அன்பர்'. பேர் இல்லாத பணம் ஒரு ரூபாயா இருந்தாலும் நான் கையெழுத்துப் போட முடியாது. திங்கக்கிழமைக்குள்ள பேங்க்ல எழுதிக் குடுத்திருங்க. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா தெரிஞ்சிரும்."

போகும்போது அவர் கையில் அண்ணாச்சி ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் கொடுத்தார். பணம் கொடுத்து, பில் கேட்டு வாங்கிக்கொண்டார். அருமையான பெண்.

ஜூன் 27, வெள்ளி

அன்பரைப் பற்றி இன்னும் தகவல் கிடைக்கவில்லை.

வீட்டில் ஒட்டடை அடித்தேன். ஆணியில் தொங்கிய குடையையும் துடைத்து, அதே ஆணியில் மாட்டினேன்.

ஜூன் 28, சனி

அண்ணனும் அண்ணாச்சியும் வீட்டுக்கு வந்தார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. சுவரை, பீரோவை, ரேடியோவை எல்லாம் பார்த்தார்கள். குடையை மட்டும் பார்க்கவில்லை.

"செண்பகம்மா, ஒரு யோசனை" என்றார் அண்ணாச்சி. "அன்பர்னு என் பேரை எழுதிருவோம். நான் கையெழுத்துப் போட்டுருதேன். சோலி முடிஞ்சிரும்."

"பொய்க் கணக்கு எழுதச் சொல்றீகளா அண்ணாச்சி?"

"பொய்யிலயும் நல்ல பொய் இருக்கு தாயி."

அண்ணன் எழுந்துவிட்டார். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "மொதல் நாள்ல இருந்து எங்களுக்குத் தெரியும் போஸ்ட்மாஸ்டரம்மா. நீங்களா சொல்லுவீகன்னுதான் கேக்கல" என்றார்.

என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் காபி கொடுக்கக்கூட மறந்துவிட்டேன். பெரிய தப்பு.

ஜூன் 30, திங்கள்

பத்து மணிக்கு வங்கிக்குப் போனேன். அண்ணனும் அண்ணாச்சியும் எனக்கு முன்னாலேயே வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார்கள். உள்ளே வரவில்லை.

மேனேஜர் புது ரசீது மாதிரியை நீட்டினார். பேனாவைத் திறந்தேன்.

நன்கொடை கட்டியவர் பெயர்: பொ. செண்பகவல்லி.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை, அதற்காகவே அவரை மன்னித்தேன்.

தொகை: ரூ. 1,001, வருடந்தோறும், பதினோரு வருடம்.

யாருக்காக: கோமதிநாயகம். இத்தனை வருடத்தில் இந்த டைரியில்கூட நான் எழுதாத பெயர். என் கையெழுத்தில் எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிருந்தது.

உறவு: கணவர்.

பெயருக்கு முன்னால் 'அமரர் / திரு' என்று அச்சடித்திருந்தது. பொருந்தாததை அடிக்க வேண்டும். அங்கேதான் பேனா நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லை. மின்விசிறி காற்றில் படிவத்தின் ஓரம் துடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டுல ஒண்ணை அடிக்கணும் மேடம்" என்றார் மேனேஜர் மெதுவாக.

'அமரர்' என்பதை அடித்தேன். ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன். ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதக் கூடாது என்பது விதி.

பன்னிரண்டு மணிக்கு மதுரையில் இருந்து உத்தரவு வந்தது. கணக்கு திறந்துவிட்டது. மேனேஜர் எழுந்து நின்று கைகூப்பினார்.

வெளியே வந்து தலையை அசைத்ததுதான் தாமதம், முப்புடாதி அண்ணன் பையில் இருந்து குளிர்பெட்டிச் சரவெடியை எடுத்து வங்கி வாசலிலேயே கொளுத்திவிட்டார். காவலாளி மேஜைக்கு அடியில் போனார். மேனேஜர் உள்ளே இருந்து "மேடம், கேமரா, கேமரா" என்று கத்தினார். பஜாரே திரும்பிப் பார்த்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள், டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள், தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு நின்றவர், எல்லாரும்.

நானும் பார்த்தேன். புகை அடங்குகிறவரை நின்று, திரும்பிய முகங்களை ஒன்று விடாமல் பார்த்தேன். இல்லை.

இந்தப் பதினோரு வருடத்தில் உயிரோடு இருக்கிற முகங்களில் தேடியது இன்றுதான்.